காமா கதிர் வெடிப்பும் எட்டுக் குழிப் புளியங்கொட்டையும்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற நெடுஞ்சாலையில் மழை விட்ட கையோடு பளீர்னு வெயில் அடிக்கும் பாருங்க, அப்போது வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், ஈரத் தார்ச்சாலை கண்ணைக் கூசும். சாதாரண கறுப்புக் கண்ணாடி போட்டால் கூச்சத்தோடு சேர்ந்து எல்லாமே இருட்டாகும். ஆனால் ‘போலராய்டு’ கண்ணாடி போட்டால் கூச்சம் மட்டும் குறைந்து, சாலையின் வெள்ளைக்கோடு நன்றாகத் தெரியும். மரக்காணம் பக்கம் உப்பளத்தையோ கழுவேலி ஏரியையோ பார்க்கும்போதும் இதே கதைதான். அங்கே நின்று தலையை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்த்துப் பாருங்க. காணாமல் போன கூச்சம் திரும்பி வந்துவிடும்.

காரணம் எளிது. ஒளி என்பது மின்புலத்தின் அசைவு. சூரியனிலிருந்து நேராக வரும் ஒளியில் அந்த அசைவு எல்லாத் திசையிலும் கலந்து கிடக்கும். தண்ணீர்ப் பரப்பில் சறுக்கித் தெறிக்கிற ஒளியிலோ கிடைமட்ட அசைவு தூக்கலாக இருக்கும். கண்ணாடி அந்தக் கிடைமட்டத்தைத் தடுக்கிறது, அவ்வளவுதான். இதற்குத்தான் போலரைசேஷன் என்று பெயர். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் ‘தளவிளைவு’ என்கிறது. நான் இந்தப் பதிவில் போலரைசேஷன் என்றே எழுதுகிறேன், தேடிப் படிக்க வசதியாக இருக்கும்.

இதிலிருந்து ஒரு விஷயத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஒளியின் நிறம், பிரகாசம், அது வந்த நேரம் இவை தவிர, அது எப்படிப் பிறந்தது என்ற தகவலும் ஒளிக்குள்ளேயே இருக்கிறது. ஏரிக்குப் போகாமலே, கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தே, ‘இது தெறித்து வந்த ஒளி’ என்று சொல்லிவிடலாம். யாரும் போகவே முடியாத இடத்திலிருந்து வரும் ஒளி என்றால் இதன் மதிப்பு எவ்வளவு என்று யோசித்துப் பாருங்க.

அப்படி ஒரு இடம்தான் காமா கதிர் வெடிப்பு. 1967 ஜூலை 2 அன்று, அணுகுண்டுச் சோதனைகளை வேவு பார்க்க அமெரிக்கா அனுப்பிய வேலா செயற்கைக்கோள்கள் முதன்முதலில் ஒன்றைப் பிடித்தன. விஷயம் 1973-ல்தான் வெளியே வந்தது. சில நொடிகள், சில சமயம் சில நிமிடங்கள், வானத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து காமா கதிர்கள் கொட்டும், பிறகு நின்றுவிடும். பெரிய நட்சத்திரம் ஒன்று உள்நோக்கி நொறுங்கும்போதோ, இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதும்போதோ இது நடக்கிறது. நடுவில் கருந்துளையோ அதிகாந்த நியூட்ரான் நட்சத்திரமோ உருவாகி, அதிலிருந்து ஏறத்தாழ ஒளிவேகத்தில் ஒரு பீச்சு வெளியே பாய்கிறது. அந்தப் பீச்சு நம் பக்கம் நோக்கியிருந்தால் நமக்கு வெடிப்பு தெரியும்.

இதுவரை பெரிய சண்டை இல்லை. சண்டை எங்கே என்றால், அந்தப் பீச்சுக்குள் கதிர் எப்படி உண்டாகிறது என்பதில். பீச்சு தன்னோடு ஒழுங்கான காந்தப்புலத்தை இழுத்துக்கொண்டு வருகிறதா? அப்படின்னா எலக்ட்ரான்கள் அந்தப் புலத்தைச் சுற்றி வந்து வெளியிடும் சிங்க்ரோட்ரான் கதிர் நன்றாகப் போலரைஸ் ஆகியிருக்கும். பாதிக்கும் மேல் என்றாலும் ஆச்சரியமில்லை. காந்தப்புலம் சிக்குப் பிடித்த முடி மாதிரி குழம்பிக் கிடந்தால் எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போலரைசேஷன் ஏறக்குறைய பூஜ்யம். கொதிக்கும் நெருப்புக்கோளத்தின் மேற்பரப்பிலிருந்து நழுவி வரும் வெப்ப ஒளிதான் அது என்றாலும் பெரும்பாலும் குறைவுதான். ஐம்பது வருஷமாக நிறமாலையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தும் முடியாத வழக்கை ஒரே எண் தீர்த்துவைக்கக்கூடும். அதனால்தான் எல்லோரும் அந்த எண்ணுக்குப் பின்னால் ஓடுகிறார்கள்.

எக்ஸ் கதிருக்குக் கறுப்புக் கண்ணாடி கிடையாது, ஊடுருவிப் போய்விடும். பிறகு எப்படி அளப்பது? கேரம் போர்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஃபோட்டான் என்கிற ஸ்ட்ரைக்கர் வந்து எலக்ட்ரான் என்கிற காயின் மேல் மோதி, திசை மாறிப் போகிறது. இதுதான் காம்ப்டன் சிதறல். கேரமில் இல்லாத ஒரு விசேஷம் இங்கே உண்டு. ஃபோட்டானின் மின்புலம் எந்தத் திசையில் அசைகிறதோ, அதற்குச் செங்குத்தான திசையில் சிதறத்தான் அதற்கு ஆசை அதிகம். ஆகவே ஒவ்வொரு ஃபோட்டானும் எங்கே மோதியது, சிதறி எங்கே போய் விழுந்தது என்று இரண்டு புள்ளிகளையும் பிடித்துவிட்டால் போதும். ஆயிரக்கணக்கில் சேர்த்துப் பார்த்தால் ஒரு திசையில் கூட்டமும் அதற்குக் குறுக்கே வெறிச்சும் தெரியும். அந்த ஏற்ற இறக்கத்தின் அளவு போலரைசேஷனைச் சொல்லும். கூட்டத்தின் திசை, மின்புலத்தின் கோணத்தைச் சொல்லும்.

நம்ம ஊர் கருவி இதில்தான் வருகிறது. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-30 ஏற்றிச் சென்ற ஆஸ்ட்ரோசாட்டில் சி.இசட்.டி.ஐ. என்று ஒரு கருவி. காட்மியம், துத்தநாகம், டெலூரியம் கலந்த படிகத்தால் ஆனது. 64 துண்டுகள், ஒவ்வொன்றிலும் 16-க்கு 16 என்று 256 பிக்சல், மொத்தம் 16,384. ஒரு பிக்சல் சுமார் இரண்டரை மில்லிமீட்டர், படிகத்தின் கனம் 5 மில்லிமீட்டர். இதன் முதல் வேலை 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரைக்கும் படம் எடுப்பது. அதற்கு மேலே போனால் பக்கச் சுவர்களும் மூடிகளும் ஒளிபுகும் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். எந்தத் திசையிலிருந்து வந்தாலும் உள்ளே நுழைந்துவிடும். படம் எடுக்கிறவருக்கு இது தொல்லை. வெடிப்புக்காகக் காத்திருப்பவருக்கு இது வரம். எங்கே எப்போது வெடிக்கும் என்று தெரியாத ஒன்றுக்கு வானம் முழுக்கத் திறந்த வாசல்தானே வேண்டும்!

அதே ஆற்றலில்தான் காம்ப்டன் சிதறலும் சூடு பிடிக்கிறது. ஒரு ஃபோட்டான் ஒரு பிக்சலில் மோதி, பக்கத்துப் பிக்சலில் போய் அடங்கும். 40 மைக்ரோ நொடிக்குள் அடுத்தடுத்த இரண்டு பிக்சல்கள் சேர்ந்து சத்தம் போட்டால், அது ஒரு சிதறலாக இருக்க வாய்ப்பு அதிகம். நடுப் பிக்சலைச் சுற்றி எட்டுப் பிக்சல். ஆக எட்டுத் திசை. இது தற்செயலாகக் கண்டுபிடித்த குறுக்குவழி இல்லை. அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் சந்தோஷ் வடவலே, தன்மய் சட்டோபாத்யாய், மும்பை டாட்டா ஆய்வு நிறுவனத்தின் ஏ.ஆர். ராவ் முதலானோர் ஏவுவதற்கு முன்பே கணினி மாதிரியிலும், போலரைஸ் ஆன கதிரைப் பாய்ச்சி ஆய்வகத்திலும் சோதித்துப் பார்த்த வழி. கருவியை முதன்முதலில் இயக்கிய 2015 அக்டோபர் 6 அன்றே ஒரு வெடிப்பு அகப்பட்டது என்பது மட்டும் அதிர்ஷ்டம். அதன் பெயர் ஜி.ஆர்.பி. 151006ஏ. வருஷம், மாதம், தேதியை வரிசையாக எழுதினால் அதுதான் வெடிப்பின் பெயர்.

சரி, எட்டுத் திசையில் எண்ணினால் முடிந்ததா? இல்லீங்க. தலைவலியே இங்கேதான் ஆரம்பம்.

திண்டிவனம் என்ற பெயருக்கே புளியங்காடு என்றுதான் பொருள் சொல்வார்கள். அதனால் புளியங்கொட்டையை வைத்தே பார்ப்போம். பல்லாங்குழி மாதிரி எட்டுக் குழிகளை வட்டமாகத் தோண்டுங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு, எந்தப் பக்கமும் சாயாமல், நூறு கொட்டைகளை ஒவ்வொன்றாக ஏதோ ஒரு குழியில் போடுங்கள். குழிக்குப் பன்னிரண்டரை வீதம் சமமாக விழுமா? விழவே விழாது. ஒன்றில் 9, இன்னொன்றில் 17 என்று மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். இப்போது அந்த மேடு பள்ளத்தின் மேல் ஒரு அலைக்கோட்டைப் பொருத்துங்கள். கோடு எப்போதும் ஏதாவது ஒரு பக்கம் சாயும். கணக்குப் போட்டால், நூறு கொட்டைக்குச் சராசரியாக 18 சதவீத ஏற்ற இறக்கம் சும்மாவே வந்துவிடுகிறது. போலரைசேஷனில் எதிர்மறை எண் கிடையாது. அதனால் இந்தப் பொய்ச் சாய்வுகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளாது. பூஜ்யமாக இருக்க வேண்டியது எப்போதும் பூஜ்யத்துக்கு மேலேதான் தெரியும்.

இன்னும் மோசம் இருக்கிறது. முழுக்க முழுக்க, நூறு சதவீதம் போலரைஸ் ஆன கதிர் வந்தாலும் கருவியில் தெரியும் ஏற்ற இறக்கம் நூறு சதவீதமாக இருக்காது. கணக்குக்காக 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் சும்மா வந்த அந்த 18 சதவீதம், ‘44 சதவீதப் போலரைசேஷன்’ என்று வேஷம் கட்டி நிற்கும்! நூறுக்குப் பதில் ஐந்நூறு கொட்டை போட்டாலும் பொய் 20 சதவீதம் மிச்சம் இருக்கும். ஒரு வெடிப்பில் சி.இசட்.டி.ஐ.-க்குக் கிடைக்கும் சிதறல் நிகழ்வுகள் பெரும்பாலும் சில நூறுதான். ரொம்பப் பிரகாசமான வெடிப்பில்தான் ஆயிரங்களைத் தொடும்.

இந்தக் குழியில் விழுந்த புகழ்பெற்ற கதை ஒன்று உண்டு. சூரியனைப் பார்க்க அனுப்பிய ரெசி என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள், 2002 டிசம்பர் 6 அன்று சூரியனுக்குப் பக்கத்துத் திசையில் நடந்த ஒரு வெடிப்பைப் பிடித்தது. பெர்க்லியின் வெய்ன் கோபர்னும் ஸ்டீவன் பாக்ஸும் 2003-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள்: போலரைசேஷன் 80 சதவீதம், கூட்டியோ குறைத்தோ 20. உலகமே துள்ளியது. காந்தப்புலம்தான் பீச்சை ஓட்டுகிறது என்று கோட்பாட்டுக் கட்டுரைகள் வரிசை கட்டின. அடுத்த வருஷமே ராபர்ட் ரட்லெட்ஜும் டெரெக் ஃபாக்ஸும் அதே தரவை எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். முதல் கட்டுரை சுமார் 9,840 சிதறல் நிகழ்வுகள் என்று சொன்ன இடத்தில், உண்மையானவை 830 அளவில்தான் தேறின. மற்றவை? இரண்டு வெவ்வேறு ஃபோட்டான்கள் ஒரே நேரத்தில் வந்து விழுந்த தற்செயல் ஜோடிகள். வெடிப்பு அவ்வளவு பிரகாசம்; அதனால் ஜோடி சேர்வதும் சுலபம். இன்னொரு குழு தனியாக ஆராய்ந்து 41 சதவீதம் என்றது. ஆனால் பிழை எல்லை ஒரு பக்கம் 57, மறுபக்கம் 44! அதாவது பூஜ்யமும் இருக்கலாம், முழுசாகவும் இருக்கலாம். எனக்கு இந்த இரண்டாவது குழுவைப் பிடிக்கும். ‘தெரியலை’ என்பதை எண்ணாலேயே எழுதிவிட்டார்கள்.

சி.இசட்.டி.ஐ. குழுவினர் இந்தப் பாடத்தைப் படித்தவர்கள். அதனால் செய்த வேலைகளைப் பாருங்க. மூலைப் பிக்சலுக்கும் நடுப் பிக்சலுக்கும் தொடும் இடம் ஒரு புள்ளிதான், பக்கப் பிக்சலுக்கோ முழு விளிம்பு; ஆகவே போலரைசேஷனே இல்லாத கதிர் வந்தாலும் எட்டுக் குழியும் சமமாக நிறையாது. அந்தச் சாய்வைக் கணக்கிட்டுக் கழிக்க வேண்டும். வெடிப்பின் கதிர் நேர் மேலே இருந்து வருவதில்லை. சில சமயம் செயற்கைக்கோளின் உடம்பைத் துளைத்துக்கொண்டு, வழியில் எதன் மேலெல்லாமோ சிதறி வரும். அதனால் சுமார் ஒன்றரை டன் எடையுள்ள ஆஸ்ட்ரோசாட் முழுவதையும் கணினிக்குள் மறுபடி கட்டி, அதன் மேல் போலி வெடிப்புகளைக் கொட்டிப் பார்க்கிறார்கள். நல்லவேளையாக வெடிப்பு சீக்கிரம் முடிந்துவிடும்; அதற்குச் சற்று முன்னும் பின்னும் வந்த தரவே பின்னணி இரைச்சலைச் சொல்லிவிடும்.

நம்பிக்கைக்கு அடித்தளம் வேறொரு இடத்தில் கிடைத்தது: நண்டு நெபுலா. அது எப்போதும் இருந்த இடத்திலேயே இருக்கும். வேண்டிய மட்டும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வடவலே குழு பல நாள் அளவுக்கான தரவைச் சேர்த்து, 100 முதல் 380 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரையில் 32.7 சதவீதம், பிழை 5.8 என்று அறிவித்தது. வெடிப்பு இப்படிப் பொறுமையாகக் காத்திருக்காது. ஒரே முறை, சில நொடி, விட்டால் போச்சு.

இனி சர்ச்சைக்கு வருவோம். சி.இசட்.டி.ஐ. முதல் வருஷத்தில் பிடித்த பிரகாசமான 11 வெடிப்புகளை ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டார்கள். அவற்றில் பல அதிகப் போலரைசேஷன் பக்கம் சாய்ந்தன. அதே 2019-ல் சீனாவின் தியாங்கோங்-2 விண்வெளி ஆய்வகத்தில் இருந்த போலார் என்ற கருவியின் முடிவும் வந்தது. இந்த வேலைக்காகவே 1,600 பிளாஸ்டிக் கம்பிகளால் செய்த கருவி அது. ஐந்து வெடிப்புகள், சராசரி சுமார் 10 சதவீதம். ஒருவர் நிறைய என்கிறார், ஒருவர் கொஞ்சம் என்கிறார். யாரோ ஒருவர் தப்பு பண்ணியிருக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும்.

ஆனால் ஒரு வெடிப்பு வேறு வழி காட்டியது. ஜி.ஆர்.பி. 160821ஏ. புனே அயூக்காவின் விதுஷி சர்மா தலைமையிலான குழு, வெடிப்பை முழுசாக ஒரே குவியலாக எடுக்காமல் மூன்று துண்டாக வெட்டிப் பார்த்தது. ஒவ்வொரு துண்டிலும் போலரைசேஷன் அதிகம். ஆனால் கோணம் முதல் துண்டிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது சுமார் 81 பாகை திரும்பியது, மூன்றாவதில் மறுபடி சுமார் 80 பாகை திரும்பியது. மூன்றையும் ஒன்றாகக் கொட்டினால்? போலரைசேஷன் சிறுத்துப் போகிறது. புளியங்கொட்டைக்கே போவோம். முதல் பாதியில் கிழக்கு மேற்குக் குழிகள் நிறைகின்றன, இரண்டாம் பாதியில் வடக்கு தெற்குக் குழிகள். கடைசியில் எண்ணுகிறவருக்கு எல்லாம் சமம். ‘சாய்வே இல்லை’ என்று எழுதிவைப்பார். போலார் பார்த்த ஜி.ஆர்.பி. 170114ஏ வெடிப்பிலும் கோணம் மாறுவதற்கான அறிகுறி இருந்தது. 2010-ல் ஜப்பானின் இக்காரோஸ் கலத்தில் இருந்த கேப் கருவியும் ஒரு வெடிப்பில் இதையே சொல்லியிருந்தது.

ஆக, இரண்டு கருவிகளும் ஒரே விஷயத்தை இரண்டு விதமாகக் கூட்டியிருக்கலாம். நல்ல விடைதான். ஆனால் இதோடு ஒரு பொறியும் சேர்ந்தே வருகிறது. கோணம் மாறுவதைப் பார்க்க வேண்டுமென்றால் நேரத்தை வெட்ட வேண்டும். வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் கொட்டை குறையும். கொட்டை குறைந்தால் பொய்ச் சாய்வு ஏறும். எங்கே வெட்டுவது என்பதைத் தரவைப் பார்த்த பிறகு முடிவு செய்தால் இன்னும் ஆபத்து. வேண்டிய படத்தை வெட்டி எடுத்துவிடலாம்.

போன வருஷம் விழுப்புரத்தில் சில கல்லூரி மாணவர்களிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் எழுந்து, “சார், 66 சதவீதம், கூட்டிக் கழிச்சா 26, 27ன்னு சொல்றீங்க. எங்க லேப்ல இப்படி ரீடிங் எழுதினா மறுபடி எடுக்கச் சொல்வாங்க. இது எப்படிப் பேப்பர்ல வருது?” என்று கேட்டாள். 160821ஏ-யின் எண்தான் அது. சரியான கேள்வி. நான் சொன்ன பதில் இது: மறுபடி எடுக்க அந்த வெடிப்பு இல்லை. ரீடிங் மோசம் என்பதால் தூக்கிப் போட முடியாது. எவ்வளவு மோசம் என்று நேர்மையாகப் பக்கத்தில் எழுதினால் அதுவும் அறிவுதான். அந்த எண் ‘66’ என்று சொல்லவில்லை, ‘பூஜ்யமாக இருப்பது கடினம்’ என்று சொல்கிறது. பூஜ்யமா இல்லையா என்பதுதான் நம் முதல் கேள்வியே. ‘அப்போ இன்னும் நிறைய வெடிக்கணும்’ என்றாள். ஆமாம், அதேதான்.

அதற்கு ஆஸ்ட்ரோசாட் ஐந்து வருஷம் உழைத்தது. 2022-ல் சட்டோபாத்யாய் குழு 20 வெடிப்புகளை, 600 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை நீட்டி, மேம்பட்ட முறையில் ஆராய்ந்து வெளியிட்டது. முழு நேரத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் உயர்ந்த போலரைசேஷன் தெரிந்தது ஏறக்குறைய கால்வாசியில்தான். 2019-ல் தங்களிடமிருந்தே வந்த படத்தை நிறைய தரவு வந்ததும் கீழே இறக்கியிருக்கிறார்கள். செய்தித்தாளில் இது வரவில்லை. என்னைக் கேட்டால் 20 வெடிப்புக் கட்டுரைதான் இந்தக் கருவியின் பெரிய சாதனை.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 2024 ஜனவரி 1 அன்று இஸ்ரோ அனுப்பிய எக்ஸ்போசாட் இந்த வேலைக்குத்தானே என்று பலர் கேட்கிறார்கள். அதுவும் எக்ஸ் கதிர் போலரைசேஷன்தான். அதன் முக்கியக் கருவி போலிக்ஸை பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனம் செய்தது. ஆனால் அது 8 முதல் 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரைக்கும், ஒரு மூலத்தைக் குறிவைத்து, மெதுவாகச் சுழன்றபடி நாள்கணக்கில் பார்க்கிற கருவி. துடிப்பு நட்சத்திரத்துக்கும் கருந்துளைக்கும் அது பொருத்தம். கருவி ஒரு சுற்று முடிப்பதற்குள் வெடிப்பே முடிந்துவிடும்! வெடிப்பு அடங்கிய பிறகு நாள்கணக்கில் மங்கும் பின்னொளி என்றால் வேறு கதை. 2022 அக்டோபர் 9-ல் நடந்த பெருவெடிப்பின் பின்னொளியை நாசாவின் இக்ஸ்பீ பார்த்தது, போலரைசேஷன் 13.8 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற எல்லையோடு நின்றது.

எவ்வளவு கொட்டை இருந்தால் போதும்? பின்னணி இரைச்சலே இல்லை என்று வைத்துக்கொண்டு, மேலே சொன்ன அதே 40 சதவீதக் கருவிக்கு மனக்கணக்குப் போடலாம். 50 சதவீதப் போலரைசேஷனை 99 சதவீத உறுதியோடு சொல்ல சுமார் 500 நிகழ்வுகள். 20 சதவீதத்துக்கு சுமார் 2,900. 10 சதவீதத்துக்கு 11,500. உண்மையில் இரைச்சல் உண்டு, ஆக இதைவிடவும் கூடுதலாக வேண்டும். அதுவும் முழு வெடிப்புக்கு இல்லை, ஒவ்வொரு துண்டுக்கும். அடுத்த தலைமுறைக் கருவிகள் பெரிதாக இருப்பது இதனால்தான். சீன விண்வெளி நிலையத்துக்கான போலார்-2, நாசாவின் கோசி ஆகியவை தயாராகி வருகின்றன. நம் பக்கம், ஐ.ஐ.டி. மும்பையின் வருண் பாலேராவ் தலைமையில் ‘தக்ஷா’ என்று இரட்டைச் செயற்கைக்கோள் திட்டம் ஒன்றை முன்வைத்திருக்கிறார்கள். பூமியின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, வானம் முழுவதும் எந்நேரமும் கண்ணில் இருக்கும். அதே காட்மியம் துத்தநாக டெலூரியம் படிகம்தான், பரப்பு மட்டும் பல மடங்கு.

அதுவரை ஆஸ்ட்ரோசாட்டின் பழைய தரவு இஸ்ரோவின் காப்பகத்தில் பொதுவில் கிடக்கிறது, பதிவு செய்து யாரும் இறக்கலாம். பைத்தான் தெரிந்தவர்கள் ஒரு வெடிப்பை எடுத்து, 40 மைக்ரோ நொடி ஜோடிகளைப் பிரித்து, எட்டுக் குழியில் போட்டுப் பாருங்க. வெடிப்புக்கு முந்தைய நூறு நொடியையும் அதே மாதிரி போட்டு, அதில் எத்தனை சதவீதம் சாய்வு வருகிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.